சர்வலகுவும் கணக்கும்

சென்ற டிசம்பரில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பாடகி நடுத்தர வயதுக்காரர், குரலில் அவசரம் இல்லாதவர். சவுக்க காலத்தில் ஒரு முகாரியை எடுத்தார். பல்லவியில் சாகித்யம் முடிந்து அடுத்த எடுப்புக்கு முன்னால் கால் ஆவர்த்தனம் போல ஓர் இடம் இருக்கிறது. பாடகி அந்த இடத்தில் மூச்சை மட்டும் விட்டார். மிருதங்கக்காரர் அதற்குள் ஒரு சின்ன மோரா வைத்தார். அடுத்த முறை அதே இடத்தில் கொஞ்சம் பெரிதாக. நாலாவது முறை திஸ்ரத்தில். முன் வரிசையில் தலைகள் ஆடின. ஐந்தாவது முறை பாடகி அந்த இடத்தைக் காலியாக விடாமல் ஒரு சங்கதியைப் போட்டு மூடிவிட்டார். முகாரி எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

மிருதங்கக்காரரின் பெயரை எழுதப் போவதில்லை. கெட்டிக்காரர், கை சுத்தம். ஒரு தனிமனிதரின் ரசனைக் குறைவு என்று சொல்லிவிட்டால் விஷயம் சுலபமாகிவிடும். அந்த மாதம் நான் கேட்ட ஏழு கச்சேரிகளில் ஐந்தில் இதுதான் நடந்தது.

நம்மிடம் சர்வலகு என்று ஒரு சொல் இருக்கிறது. தாளத்தின் அடியோட்டத்தைச் சீராக நடத்திக்கொண்டு போவது; பாட்டு சாய்கிற இடத்தில் கும்கியைக் குழைப்பது; பாட்டு நிற்கிற இடத்தில் கையை எடுத்துவிடுவது. எதிர்ப்பக்கம் கணக்கு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை, அட்சரத்துக்கு நாலு வீதம் 32 மாத்திரைகளாக்கி, ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக வெட்டி ஒட்டி, எடுப்பில் பிசகாமல் வந்து இறங்குவது. நான் வங்கியில் கணக்கு நேர் செய்து பிழைப்பவன். கணக்கு நேரானால் வருகிற சந்தோஷம் எனக்கும் தெரியும். சாயங்காலம் கவுண்டரை மூடும்போது வருகிற சந்தோஷம் அது. தனி ஆவர்த்தனத்தில் அதற்கு இடமுண்டு, நானும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு ரசிக்கிறவன்தான். சாகித்யத்தின் நடுவில், பாடுகிறவர் வேண்டுமென்றே விட்டுவைத்த மௌனத்தில் அதைக் கொண்டுவந்து கொட்டுவதுதான் பிரச்னை.

பழைய ஒலிப்பதிவுகளில் மதுரை மணி ஐயர் (1912–1968) ஸ்வரம் பாடும்போது பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? ஸ்வரமே சர்வலகுவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளை இடக்கைக்காரர். தொப்பியிலிருந்து எழுகிற அந்தக் கனிந்த நாதம் ஸ்வரத்துக்கு அடியில் கூடவே வருகிறது, மேலே ஏறி உட்காருவதில்லை. அவர் புதுக்கோட்டை வழியில் வந்தவர், கணக்குக்கே பேர்போன வழி. தெரியாததால் வாசிக்காமல் இருந்தவரல்ல. பாலக்காடு மணி ஐயரும் (1912–1981) அப்படித்தான். பாட்டின் வரியோடு ஒட்டிப் போய்க்கொண்டே இருந்து சட்டென்று கையை எடுத்துவிடுவார். அந்த இடத்தில் பாடகரின் குரல் பிறந்த மேனிக்கு நிற்கும். 1960களில் மைக் வைத்த கச்சேரிகளில் வாசிக்க மறுத்தவர் அவர். அதை ஒரு பிடிவாதக்காரரின் கதையாகவே சொல்லிச் சிரிக்கிறோம். மைக் வந்தபின் மெல்ல வாசிக்கிற கைக்கு என்ன மதிப்பு மிஞ்சும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று எனக்குப் படுகிறது. இன்று ‘மிருதங்கத்தை ஏற்றுங்கள்’ என்று கட்டைவிரலை உயர்த்தும் சைகை இல்லாமல் வர்ணம் தொடங்குவதில்லை.

இந்த இடத்தில் வேறொரு தேசத்து டிரம்ஸ்காரர் நினைவுக்கு வருகிறார். ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் இருந்த க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட். 1969இல் பதிவாகி 1970இல் வெளிவந்த ‘ஃபங்கி டிரம்மர்’ இசைத்தட்டில் மற்ற வாத்தியங்கள் நின்று அவருக்குத் தனியாக இடம் கிடைக்கிறது. தனி வாசிக்க வேண்டாம், நடப்பது அப்படியே நடக்கட்டும் என்று பிரவுன் தட்டிலேயே சொல்வது கேட்கிறது. ஸ்டபிள்ஃபீல்டும் நடையை மட்டும் நடத்துகிறார், சுமார் இருபது வினாடி. பின்னால் வந்த ஹிப்-ஹாப்காரர்கள் அந்த இருபது வினாடியை வெட்டியெடுத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு அடித்தளமாகப் போட்டார்கள். சர்வலகுவுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது என்று எழுதி இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் பாட்டின் ஆசிரியர் என்று பதிவாகியிருந்த பெயர் பிரவுனுடையது. இயற்றியவருக்குரிய பங்கு எதுவும் ஸ்டபிள்ஃபீல்டுக்கு வரவில்லை. 2017இல் செத்துப்போனார்.

ஆகவே அடங்கி வாசி என்று சொல்கிறவன் யார் என்ற கேள்வி வருகிறது. பக்கவாத்தியம் என்ற பெயரிலேயே பக்கத்தில் ஒதுக்கி உட்கார வைத்துவிட்டோம். நோட்டீசில் சின்ன எழுத்து. இரண்டரை மணி நேரம் அவர் பாட்டைத் தாங்கியதைப் பற்றி விமர்சகர்கள் ஒரு சொல் எழுதுவதில்லை. ‘தனி களைகட்டியது’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். நானே அந்த வரியை நாலைந்து முறை எழுதியிருக்கிறேன். எதற்குக் கைதட்டுகிறோமோ அதை அவர் முகாரிக்குள்ளும் கொண்டுவருகிறார். நம் பத்திரிகைகளில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு படிமம் வைத்துக் கவிதை எழுதுகிற கையும் இதே கைதான். அந்தக் கவிதைகளை மெச்சி எழுதியவர்களும் நாம்தானே.

கச்சேரி முடிந்து காண்டீன் வாசலில் அந்த மிருதங்கக்காரரைப் பார்த்தேன். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. தனி பிரமாதம் சார் என்றேன், அது பொய்யில்லை. அவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே, “தனியை விடுங்க சார், அந்த முகாரிக்கு வாசிச்சது எப்படி இருந்தது? அங்கேதான் எனக்கே சந்தேகம்” என்று கேட்டார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். பின்னால் இரண்டு பேர் அவர் கையைக் குலுக்கக் காத்திருந்தார்கள்.

நன்றாக இருந்தது என்றேன்.