ராம் மோகன்: கோடும் கட்டளையும்

ராம் மோகனைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "அரசாங்கத்துக்கு பொம்மைப் படம் போட்டவர்தானே?" அந்தச் சிரிப்புக்குள் நம் சூழலின் முழு அழகியலும் அடங்கியிருக்கிறது. தன் அனுபவத்தை வெளியிடுகிறவன் கலைஞன். பிறர் கொடுத்த செய்தியைச் சொல்கிறவன் பிரச்சாரகன். இந்தப் பிரிவினை எனக்கும் வெகுநாள் சௌகரியமாக இருந்தது. பகலில் ராயபுரத்து வங்கிக் கிளையில் பிறர் கணக்கை எழுதிவிட்டு, இரவில் இலக்கியம் எழுதுகிறவனுக்கு இதைவிட வசதியான கோட்பாடு கிடைக்காது.

ராம் மோகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1956-இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே கற்றுக்கொடுக்க வந்திருந்த கிளேர் வீக்ஸ், டிஸ்னி நிறுவனத்தில் 'பாம்பி' போன்ற படங்களில் வேலை செய்தவர். அப்பிரிவின் முதல் முயற்சியான ஜாதகக் கதை 'பான்யன் டியர்' (1957) டிஸ்னி வழியில் வந்த படம். ஆனால் அந்த வழிக்கு ஒரு கணக்கு உண்டு. விநாடிக்கு 24 சட்டங்கள் என்றால் ஒரு நிமிஷத்துக்கு 1440. அவ்வளவு சித்திரங்களை வரைய நம் அரசுத் துறையிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே உடல் நின்றது, கை மட்டும் அசைந்தது. பின்புலம் மறைந்தது, கோடு மிஞ்சியது. உலகெங்கும் அப்போது பரவிக்கொண்டிருந்த சிக்கன பாணிதான் இது. அங்கே அது டிஸ்னிக்கு எதிரான கலகம், இங்கே வறுமை. வறுமையை ஓர் இலக்கணமாக மாற்றியதுதான் ராம் மோகனின் முதல் சாதனை. 1972-இல் சொந்த நிறுவனம் தொடங்கிய பின்னும், தேசிய விருது பெற்ற 'யூ செட் இட்' (1972), 'ஃபயர் கேம்ஸ்' (1983) காலத்திலும், அவர் இந்தச் சிக்கனத்தைக் கைவிடவில்லை.

இந்தக் கோடு யாருக்காக? என் அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. பெட்டிகளின் மேல் குடை இருந்தால் நனையக்கூடாது, கோப்பை இருந்தால் உடையும், அம்பு இருந்தால் அந்தப் பக்கம் மேலே - இவ்வளவையும் படித்தார். அந்தக் குடையை வரைந்தவன் யார் என்று எவரும் கேட்டதில்லை. 2020-இல் மூடப்பட்ட தண்டையார்ப்பேட்டை அகஸ்தியாவில், படத்துக்கு முன் கட்டாயமாகக் காட்டிய அரசுப் படங்களைப் பற்றி அப்பா சொல்வார்: "பேசற படம்னா பீடிக்கு வெளிய போயிடுவோம். பொம்மை ஓடுனா குந்திப் பாப்போம்." ராம் மோகனின் கோடு அந்தக் குடையின் ஜாதி. புரிந்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதற்கு உண்டு. நம் கவிதைகளுக்கு இல்லாத நிர்ப்பந்தம்.

ஆனால் இதைக் கொண்டாடி முடித்துவிட முடியாது. சுருக்குவது அதிகாரத்தின் வேலையும்கூட. என் மேஜைக்கு வரும் விண்ணப்பத்தில் ஒரு மனிதனின் முப்பது வருஷ உழைப்பு 'தொழில்: கூலி' என்று இரண்டு சொல்லில் முடிகிறது. 2017-இல் எண்ணூர் கழிமுகமே ஓர் அரசு வரைபடத்தில் காணாமற்போய்விட்டது என்ற புகார் எழுந்தது. தெளிவான கோடு என்பதாலேயே அது உண்மையான கோடாகிவிடாது. எதை விட்டுவிட்டுத் தெளிவானது என்று கேட்கவேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியை அவருடைய கோடே கேட்ட இடம் ஒன்று உண்டு. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969) படத்துக்கும் அவர் சித்திரப் பகுதி செய்திருக்கிறார். ஆனால் நான் சொல்வது சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977). அயோத்தி ராஜ்யத்தை ஒருநாள் தங்கள் வாயில் விழப்போகும் செர்ரிப் பழமாக டல்ஹவுசி வர்ணித்ததை வைத்து, ராஜ்யங்கள் ஒவ்வொன்றாக விழுங்கப்படுவதை அந்தச் சித்திரப் பகுதி காட்டுகிறது. பார்க்கிறவன் சிரிக்கிறான். சிரித்த பிறகுதான் உறைக்கிறது: ஒரு நாட்டையும் அதன் ஜனங்களையும் பழமாகச் சுருக்கிய பார்வை டல்ஹவுசியுடையது, சித்திரக்காரன் அதை அப்படியே வரைந்திருக்கிறான், அவ்வளவுதான். செய்தி சொல்லவே பழகிய கோடு, சுருக்குவதன் குரூரத்தை இங்கே அம்பலப்படுத்துகிறது. பிலிம்ஸ் டிவிஷன் பயிற்சி இல்லாத ஒருவர் இதைச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1990களில் யுனிசெப்புக்காக அவர் உருவாக்கிய 'மீனா' இதற்கு மறுபக்கம். பல தெற்காசிய நாடுகளுக்கும் பொதுவான ஒரு சிறுமி. எந்த ஊர்க்காரி என்று சொல்ல முடியாத உடை, முகம். இதை நான் குறையாகவே பார்த்தேன் - மாம்பழப் பங்கு பற்றிய படம் நினைவுக்கு வரும்வரை. அண்ணன் தம்பிக்குப் பெரிய பங்கு, பெண்ணுக்குச் சிறியது என்ற வழக்கத்துக்கு எதிராக அதில் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. மீனாவும் ராஜுவும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். அவள் வேலையை அவன் உடம்பு செய்கிறது. சித்திரப்படத்தின் சாரம் அசைவு. செய்தியை அசைவுக்குள்ளேயே வைத்துவிட்டார். திருவொற்றியூர்ப் பள்ளியில் அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு, எங்கள் வீட்டில் வழக்கம்போல மீனின் நடுத்துண்டு எனக்கும் வால் அக்காவுக்கும் விழுந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என்னால் சாப்பிட முடியவில்லை என்று எழுத ஆசைதான், சாப்பிட்டேன். ஆனால் ருசி தெரியாமல் சாப்பிட்ட முதல் துண்டு அது. பிரச்சாரம் என்று நாம் தள்ளிவிடும் சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது.

யுகோ சாகோ, கோய்ச்சி சசாகி ஆகியோருடன் சேர்ந்து இயக்கிய 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' (1992) அவருடைய மிகப் பெரிய படம். சுமார் 450 கலைஞர்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் சித்திரங்கள். 2025 ஜனவரியில் தமிழிலும் திரைக்கு வந்தபோது பார்த்தேன். கம்பீரமான படம், ஆனால் என் மனிதரை அதில் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. ஜப்பானியக் கை வரைந்த காட்டுக்கும் வானத்துக்கும் நடுவே, நம் ஊர் வணக்கத்திலும் உடுப்பிலும் அவர் கொஞ்சம் தெரிகிறார். வசதி வந்ததும் கோடு தன் சிக்கனத்தை இழந்துவிட்டது.

ராம் மோகன் 2019 அக்டோபரில் காலமானார். பிலிம்ஸ் டிவிஷனே 2022-இல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் கரைந்துவிட்டது. கட்டளை எதுவுமில்லாமல், தனக்கென்றே ஒரு பெரிய படத்தை அவர் விட்டுப்போகவில்லை. இது பெரிய குறைதான், மறைக்கமாட்டேன். ஆனால் கட்டளை எதுவுமில்லாமல் இரவு நேரத்தில் நாங்கள் எழுதிக் குவித்தவற்றில் என் அப்பாவுக்குப் புரிந்திருக்கக்கூடிய வரி எது என்று, சிரித்த நண்பரைக் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.