திரையும் நாடியும்

வேலூர் பாகாயத்தில் இருக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வித்து, ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் பெண்களுக்காக ஆரம்பித்த வைத்தியப் பள்ளி. இன்புளூயன்ஸா ஜுரம் உலகத்தையே வாட்டிய வருஷம் அது.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் தேசமெங்கும் கல்லூரி வகுப்புகள் நின்றன. பாடம் திரைக்குப் போயிற்று. வேறு வழியில்லை, வாஸ்தவந்தான். ஆனால் கதைச் சுருக்கம் படித்தவர் நாவல் படித்தவர் ஆவாரா? நாடி பார்க்கும் முறையைத் திரை சொல்லும். நாடி துடிப்பது விரலுக்குத்தான் தெரியும்.

அந்த ஆகஸ்டில் இந்திய மருத்துவக் கவுன்சிலின் ஆளுநர் குழு, கொள்ளைநோயைச் சமாளிக்கும் பயிற்சியையே பாடத்திட்டத்தில் சேர்த்தது. என் மனசுக்கு இசைந்த மாறுதல் அதுதான். நோய்க்குப் பயந்து வகுப்பை ஒளித்து வைப்பது தற்காலிக ஏற்பாடு. நோயையே பாடமாக்குவது கல்வி. நாளைக்கு நம் கையைப் பிடித்துப் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள் அல்லவா?