ஒதுங்கி நிற்பவனின் வலிமை: ‘பதினெட்டாவது அட்சக்கோடு’

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977), 1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிவுற்ற காலத்துச் செகந்தராபாத்தில் ஒரு தமிழ் மாணவன் முதிர்ச்சியடைவதைக் கூறும் நாவல். சந்திரசேகரன் கூச்சமுள்ளவன், மொழியாலும் அந்நகருக்கு அயலான். இவ்விரண்டையும் குறைகளாக வாசிப்பது எளிது. ஆயினும், எக்கூட்டத்திலும் முழுமையாகச் சேராமையே அவனுக்குக் கூரிய பார்வையைத் தருகிறது. உடன் கிரிக்கெட் ஆடியோரிடையே இடைவெளி விரிவதை, முழக்கங்களைக் காட்டிலும் முகங்களின் வழியே அவன் அறிகிறான்.

கதேயின் வில்ஹெல்ம் மைஸ்டர் (1795–96) மரபில் இளைஞன் இறுதியில் சமூகத்தோடு இணைகிறான். இங்கோ, கூட்டத்தினின்று பிரிவதே முதிர்ச்சியாகிறது. கலவர நாளில், குடும்பத்தைக் காக்கும்பொருட்டுத் தன்னையே ஒப்படைக்க முன்வரும் இளம்பெண்ணின் எதிரில், அவள் கண்களுக்குத் தான் யாராகத் தெரிகிறான் என்பதை உணர்ந்து சந்திரசேகரன் ஓடுகிறான். அவ்வோட்டத்தைக் கோழைமை எனல் பொருந்தாது. குற்றமின்மையின் சான்றாகக் கொள்வதும் பிழை. வேடிக்கை பார்ப்பவனுக்கும் பங்குண்டு என்னும் அறிவு அவ்விடத்தில் பிறக்கிறது. பிறரையே நோக்கிப் பழகிய கண் தன்னை நோக்கத் தொடங்குகிறது.

அமைதியான இளைஞனின் வலிமை இதுவே. அதன் எல்லையையும் நாவல் மறைக்கவில்லை: அவன் வெட்கத்தால் அக்குடும்பத்துக்கு எப்பாதுகாப்பும் கிட்டவில்லை.