அறியாமைத் திரையும் சமூக நீதியும்

அமெரிக்கத் தத்துவாசிரியர் ஜோன் றோல்ஸ் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நீதி பற்றிய ஒரு கோட்பாடு’ என்னும் நூல், இருபதாம் நூற்றாண்டின் அரசியற் சிந்தனையைப் பெரிதும் பாதித்த நூல்களுள் ஒன்றாகும். சமுதாயத்தின் அடிப்படை விதிகளை வகுப்போர் ஓர் ‘அறியாமைத் திரை’யின் பின்னால் நிற்பதாக அவர் கற்பனை செய்கின்றார். தாம் செல்வரா வறியவரா, எவ்வினத்தவர், எம்மதத்தவர் என்பதை அவர்கள் அறியார். எனவே, கடைநிலையில் உள்ளோருக்கு நன்மை பயவாத பொருளாதார ஏற்றத்தாழ்வை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அவரது முடிபு.

இக்கற்பனையின் அறவலிமையை மறுப்பதற்கில்லை. தன்னலத்தையே பொதுநலமெனக் காட்டும் ஆளும் வர்க்கத்தின் முகமூடியை அது விலக்கிக் காட்டுகின்றது. ஆயினும், அடையாளத்தை அறியாதிருத்தல் மட்டும் நீதியைத் தோற்றுவித்துவிடுமா? இவ்வினாவுக்கு நமது நாட்டு வரலாறே தக்க உரைகல்லாகும்.

1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இங்கு பிறந்தவர் பரம்பரைப் பிரசையாவதற்கு, அவரது தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்றே அது கூறிற்று. பார்வைக்கு எல்லாருக்கும் ஒரே விதி. ஆனால், நடைமுறையில் அத்தாட்சி கேட்கப்பட்டது மலையகத் தோட்டத் தொழிலாளரிடமே. அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத்திருத்தம் பிரசைகளுக்கே வாக்குரிமை என்றது. 1947இல் தம் பிரதிநிதிகளைத் தெரிந்தனுப்பிய அம்மக்கள், 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலாதாயினர். பிரசைகள் யாவர் எனத் தீர்மானித்தல் சட்டசபையின் இயல்பான கடமையே என்று கூறி, பிரித்தானியப் பிரிவிக் கவுன்சில் 1953இல் அச்சட்டங்களை நிலைநிறுத்தியது. பெயர் சொல்லாத சட்டம் ஒரு மக்கட் கூட்டத்தின் குரலையே பறித்துவிட்டது.

இங்கு றோல்சுக்கு நியாயம் வழங்குதல் வேண்டும். அவரது திரை, விதிகளை வகுப்போரின் தன்னலத்தை மறைப்பதற்கேயன்றி, வரலாற்றை மறைப்பதற்கன்று. தானும் லயத்தில் பிறந்திருக்கக்கூடும் என்று எண்ணிய எவனும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கை உயர்த்தியிரான். ஆகவே, அநீதியை இனங்காண்பதற்கு அத்திரை உதவும். நிகழ்ந்துவிட்ட அநீதியைத் திருத்துவதற்கோ அது போதாது. இழந்தவர் யார், எதனை இழந்தார், அவ்விழப்பினால் பயனடைந்தவர் யார் என்பன அறியப்படாமல் பரிகாரம் என்பதே இல்லை.

2003ஆம் ஆண்டின் சட்டம் இதற்குச் சான்று பகரும். நாடற்றவராக எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்க முற்பட்டபோது, ‘இந்திய வம்சாவளியினர்’ என அவர்களைப் பெயர் சுட்டியே அது பேச வேண்டியதாயிற்று. பெயர் சொல்லாமற் பறித்ததைப் பெயர் சொல்லியே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவும் ஏதோ திரைக்குப் பின்னிருந்து கனிந்த கருணையன்று. தம்மை யாரென அறிந்து அணிதிரண்ட ஒரு தொழிலாளர் வர்க்கத்தின் நெடிய போராட்டம் அதன் பின்னால் இருந்தது.

பாரபட்சமின்மை நீதிபதிக்கு அணிகலன்; அதனை நாம் இகழவில்லை. ஆனால், சமமற்றோரைச் சமமெனக் கொண்டு தொடங்கும் பாரபட்சமின்மை, உள்ள ஏற்றத்தாழ்வுக்குக் காவலாகவே முடியும். காணியுரிமைக்கும் வீட்டுரிமைக்கும் மலையக மக்கள் இன்றும் குரல் கொடுக்கின்றனர். அவர்கள் யாரென அறியாதிருக்கும் உரிமை நமக்கில்லை.