வரிசை சரி, விஸ்தீரணம் சரியா?

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் நடைமுறைக்கு வந்தது. திருக்கோவிலூர் வட்டம் விழுப்புரத்தை விட்டு அதில் சேர்ந்தது. தென்பெண்ணையின் அக்கரையிலிருக்கும் அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே தங்கியது. ஆற்றின் இரு கரையிலும் நிலம் உள்ளவருக்கு மாவட்டம் இரண்டு. வயல் நகரவில்லை, அதன் விலாசம்தான் மாறியது. விலாசம் மாறினால் பதிவையும் திருத்தியாக வேண்டும்.

நிலத்தின் கதை ஏற்கெனவே இரண்டு கணினி அமைப்புகளில் கிடக்கிறது. பதிவுத்துறையின் ஸ்டார் 2.0, 2018இல் வந்தது. அது பத்திர எண்ணையும் ஆண்டையும் பிடித்துத் தேடும். வருவாய்த்துறையின் ‘தமிழ் நிலம்’ கிராமம், புல எண், உட்பிரிவு, பட்டா எண் என்று தேடும். இரண்டும் பேசிக்கொள்வதால் உட்பிரிவு செய்யத் தேவையில்லாத கிரயத்துக்குத் தாலுகா ஆபீசுக்கு அலையாமலே பட்டா மாற வழி பிறந்தது. இது பெரிய ஆதாயம். இதைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல.

ஆனால் பதிவுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்த்தது சரியா என்பதை எதை வைத்து மதிப்பிடுகிறோம்? பழைய அமைப்பிலிருந்து கிளம்பிய பதிவு வரிசைகளும் புதியதில் வந்து சேர்ந்த வரிசைகளும் ஒரே எண்ணிக்கையா என்று பார்த்தால் போதும் என்கிறார்கள். போதாது.

‘திருக்கோவிலூர்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் அதன் ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒரே ஊர். சீர்படுத்தாத தேடலுக்கு இரண்டு ஊர். ‘கோவிந்தன்’, ‘கோமதி’ என்ற பட்டாதாரர்களுக்கும் இதே கதி.

எண்களும் தப்புவதில்லை. புல எண் 5, உட்பிரிவு 2 என்பதை 5/2 என்று எழுதுவோம். எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். உலகளவிலும் இதே தொல்லைதான்: எக்செல் தேதியாக்கிய மரபணுப் பெயர்கள் சிலவற்றை 2020இல் பெயரிடல் குழுவே மாற்ற நேர்ந்தது. பரப்போ இன்னும் ஆபத்து. பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். 0.24.50 என்றால் இருபத்து நாலரை ஏர். ஒரு புள்ளியை மட்டும் ஏற்கும் கட்டம் அதை 0.24 என்று வெட்டினால் அரை ஏர், அதாவது 50 சதுர மீட்டர் போய்விடும். ஏழைக் குடும்பத்துக்கு அது ஒரு வீட்டு மனை. வரிசை எண்ணிக்கையோ கச்சிதமாக ஒத்துப்போகும்!

ஆகவே என் தீர்ப்பு இது. கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றும் பொருந்தி, முழுப் புலமும் கைமாறும் இனங்களில் தானியங்கி மாற்றம் தொடரட்டும். பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பி இரண்டு பதிவுகளைக் கோர்ப்பதை ஏற்க முடியாது. தரவை எப்போது பெயர்த்தாலும், கிராமத்தின் ‘அ’ பதிவேட்டுப் பரப்புக் கூட்டுத்தொகை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கடைசிப் பின்னம் வரை ஒத்துவர வேண்டும். பழைய பதிவேட்டுப் பக்கத்தின் படம் அந்தந்த வரிசையோடு ஒட்டியிருக்க வேண்டும். வித்தியாசப்பட்ட புல எண்களின் பட்டியலை, மாற்றம் அமலாகும் முன்பே, விஏஓ ஆபீஸ் சுவரில் ஒட்டி ஆட்சேபணை கேட்க வேண்டும்.