நுண்ணுடலும் லத்தீஃபாவும்

சாகுபுரத்தை அடுத்த காயல்பட்டினத்தில் வாழ்ந்த ஞானி உமர் வலியுல்லாஹ் (ரஹ்). அவர்களிடம் பயின்ற கீழக்கரைத் தைக்கா சாகிபு (ரஹ்) அவர்களிடம் கற்றவர் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838). மஸ்தானின் பாடல்களில் மனோன்மணி முதலான யோக மரபுச் சொற்கள் பயில்வதைக் கண்டு, ஒரு சாரார் அவரைச் சித்தர் வரிசையில் சேர்க்கின்றனர். மற்றொரு சாரார் தவ்ஹீதுக்கு முரணானவர் என ஒதுக்குகின்றனர். இரு சாராரும் சொல்லை நோக்கினரேயன்றிப் பொருளை நோக்கினரல்லர் என்பது நம் கருத்து.

இந்து தத்துவத்தில் நுண்ணுடல் என்பது யாது? சாங்கியர் அதனை லிங்க சரீரம் என்பர். அறிபொறி ஐந்து, தொழிற்பொறி ஐந்து, பிராணன் ஐந்து, மனம், புத்தி எனப் பதினேழு கூறுகளாக வேதாந்திகள் பகுப்பர். தன்மாத்திரை ஐந்துடன் மனம், புத்தி, அகங்காரம் சேர்ந்த எட்டினைச் சைவ சித்தாந்திகள் புரியட்டகம் என்பர். எண்ணிக்கை வேறுபடினும் தலையாய பணி ஒன்றே: பருவுடல் வீழ்ந்தபின் உயிரை வினைப்பயனுடன் அடுத்த பிறவிக்குக் கொண்டு செல்வது. மறுபிறவியை நீக்கினால் இக்கொள்கையின் அச்சாணி கழன்றுவிடும்.

சூஃபிகளின் லத்தீஃபா என்னும் சொல்லும் நுண்மையையே குறிக்கும். ஷைகு அஹ்மத் ஸர்ஹிந்தி (ரஹ்) (1564–1624) அவர்கள் கல்பு, ரூஹு, ஸிர்ரு, கஃபீ, அக்ஃபா என ஐந்தனைக் கூறி, நெஞ்சில் அவற்றிற்கு இடமும் குறித்தார்கள். இவற்றை ஆறாதாரங்களோடு ஒப்பிடத் தோன்றுவது இயல்பே. ஆயினும் இவை மீண்டும் பிறக்கும் உடலல்ல. திக்ரினால் விழிப்புறும் அகநிலைகள். ரூஹு இறைக்கட்டளையைச் சார்ந்தது என்கிறது திருமறை (17:85). மரித்தோர் உலகிற்கு மீள்வதை மறுத்து, எழுப்பப்படும் நாள்வரை பர்ஸகு என்னும் திரை உண்டென்றும் அது அறிவிக்கிறது (23:100).

அகத்தீசன் சதகம் பாடிய மஸ்தானே முகியித்தீன் சதகமும் பாடினார். மனோன்மணியைக் காதலியாக அழைக்கையில் அவர் நாடுவது இறைநெருக்கத்தையே. சாகுபுரத்து ஆலையில் காஸ்டிக் சோடாவாகும் உப்பே நம் வீட்டுக் குழம்புக்கும் சுவை தருகிறது. உப்பு ஒன்று, ஆக்கம் வேறு.

எனினும் ஒதுக்குவோரின் அச்சம் முற்றும் பொருளற்றதன்று. இரவல் சொல் தன் பழைய கொள்கையையும் உடன் கொணரக்கூடும். மஸ்தானைக் கேட்ட முன்னோர்க்கு வேறுபாட்டை விளக்க ஆசிரியர் இருந்தனர். இன்று நூலைத் தனித்துப் படிப்போரே மிகுதி. ஆகவே இப்பாடல்களைப் பதிப்பிப்போர், ஒவ்வொரு கலைச்சொல்லும் சைவத்தில் எப்பொருளில் நிற்கிறது, இங்கு எப்பணி செய்கிறது என்று குறிப்பெழுதுதல் கடமை. அதனைச் செய்யாது ஒதுக்குவது நம் முன்னோர் தேடிவைத்த செல்வத்தை நாமே பிறர் கையில் விட்டுவிடுவதாகும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.