ஆடம்பரச் சொற்களும் வர்க்க நோக்கும்

ஒரு சமுதாயத்தின் வர்க்க அமைப்பு அதன் சட்டங்களிலும் சொத்துறவுகளிலும் மட்டுமன்றி, அன்றாடப் பேச்சுச் சொற்களிலும் பதிந்திருக்கும். ஆங்கிலப் பேச்சுவழக்கில் பயிலும் ‘பொஷ்’, ‘ரிற்சி’, ‘பிளஷ்’, ‘சுவாங்கி’ ஆகிய சொற்கள் இதற்குத் தக்க சான்றுகளாம். பகட்டான, வசதி மிக்க, விலை கூடிய என்னும் பொருள்களில் வழங்கும் இவற்றை ஒருபொருட் சொற்களாகக் கொள்வதே வழக்கம். எனினும், இவற்றின் வரலாற்றை நுணுகி நோக்கின், செல்வரைப் புகழ்வனபோலத் தோன்றும் இச்சொற்களிற் பெரும்பாலானவை செல்வர் தம்மைக் குறிக்கத் தாமே ஆக்கிக்கொண்டவையல்ல என்பது புலனாகும். மாளிகைக்கு வெளியே நின்றோரின் வியப்பும் ஏளனமும் ஒருங்கே கலந்த சொற்கள் இவை.

‘பொஷ்’ என்னும் சொல்லைப் பற்றிப் பலரும் அறிந்த கதையொன்றுண்டு. சுயெஸ் கால்வாய் வழியாகக் கிழக்கு நாடுகளுக்குச் சென்ற பி அன்ட் ஓ கம்பனியின் கப்பல்களிற் செல்வந்தப் பயணிகள் வெயில் படாத அறைகளையே நாடினர் என்றும், போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் எனப் பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தே இச்சொல் பிறந்தது என்றும் அக்கதை கூறும். இதற்குச் சான்று எதுவும் கிடைத்திலது. ஒக்ஸ்போர்ட் அகராதியும் இதனை ஏற்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இழிவழக்கில் இவ்வொலியுடைய சொல் சில்லறைக் காசையும், பின்னர் உடையலங்காரப் பிரியனையும் குறித்தது. ரோமா மக்களின் மொழியில் ‘பாதி’ எனப் பொருள்படும் சொல்லோடு காசைக் குறித்த வழக்கைத் தொடர்புபடுத்துவாரும் உளர்.

பொய்க்கதை நிலைத்து, தெருவோரப் பிறப்புப் பற்றிய செய்தி மறைந்ததேன் என்பதே இங்கு எழவேண்டிய வினா. உயர்ந்தோரைக் குறிக்கும் சொல்லுக்கும் உயர்குலப் பிறப்பொன்று வேண்டியிருந்தது. ஏகாதிபத்தியக் கப்பலின் மேற்றளம் அதனை வழங்கியது. அதே கப்பல்களின் அடித்தளத்திற் கொதிகலன்களுக்கு நிலக்கரி அள்ளிய ஆசியத் தொழிலாளருக்கு அக்கதையில் இடமில்லை.

‘ரிற்சி’ என்னும் சொல்லின் பிறப்பிற் ஐயமேதுமில்லை. சுவிற்சர்லாந்தின் சிற்றூரொன்றில் 1850 இல் விவசாயக் குடும்பத்திற் பிறந்து, உணவு பரிமாறும் பணியாளராக வாழ்வைத் தொடங்கியவர் செசார் ரிற்ஸ். அவர் பெயர் தாங்கிய ஹோட்டல்கள் பரிசில் 1898 இலும் இலண்டனில் 1906 இலும் திறக்கப்பட்டன. பணியாளர் ஒருவரின் பெயரே ஆடம்பரத்தின் அடையாளமாயிற்று. 1929 இல் வெளியான இர்விங் பேர்லினின் புகழ்பெற்ற பாடலொன்று, நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் வாழ்ந்த வறிய கறுப்பின மக்கள் கடைசிக் காசையும் செலவிட்டுச் செல்வர்போல உடுத்துலாவுவதை வேடிக்கையாகச் சித்திரித்தது. 1946 இல் திரைப்படமொன்றுக்காக அதன் வரிகள் மாற்றப்பட்டபோது ஹார்லம் வீதியின் இடத்தைச் செல்வர் வாழும் பார்க் அவெனியூ பெற்றது. மெட்டு மாறவில்லை, ஏளனத்தின் கூர்மையே மழுங்கியது. ஆடம்பரம் செல்வரிடத்து இயல்பாகவும் வறியவரிடத்து நகைப்புக்குரியதாகவும் கொள்ளப்படும் இரட்டை நோக்கினை இம்மாற்றம் காட்டிநிற்கின்றது.

‘பிளஷ்’ என்பது நீண்ட மயிர்ப்பரப்புடைய ஒருவகைத் துணி. ஆங்கிலச் செல்வர் தம் வீட்டு ஏவலாளருக்கு அணிவித்த சீருடைகள் இத்துணியாலும் தைக்கப்பட்டன. தக்கரே தமது அங்கதப் படைப்பொன்றில் வேலையாள் ஒருவனுக்கு ‘மஞ்சள் பிளஷ்’ எனப் பொருள்படும் பெயரை இட்டமை இதனாலேயாம். ஏவலாளின் துணி பிற்காலத்தில் எசமானின் வசதிக்குப் பெயராயிற்று. ‘சுவாங்கி’ என்பதோ, நெஞ்சு நிமிர்த்திப் பகட்டாக நடப்பதைக் குறித்த கிராமிய வழக்கிலிருந்து வந்தது.

மேற்குடியினரின் சொல்வழக்கு இதற்கு மாறானது. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலன் றொஸ் 1954 இல் ஹெல்சிங்கிச் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரையில், உயர்குடியினர் செல்வத்தைக் குறிக்க ‘றிச்’ என்னும் எளிய சொல்லையே ஆள்வர் என்றும், ‘வெல்தி’ என்னும் சொல் அவ்வழக்குக்குப் புறம்பானது என்றும் காட்டினார். நான்சி மிற்போர்ட் அடுத்த ஆண்டில் இவ்வாய்வைப் பரவலான விவாதத்துக்கு உரியதாக்கினார். செல்வம் பரம்பரையாக உள்ளவருக்கு அதனை அலங்கரித்துக் கூறவேண்டிய தேவையில்லை. அதனை எட்ட முயல்வோருக்கே அத்தேவை உண்டு.

சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை என்பார் உளர். அது பொதுவாக ஏற்கத்தக்கதே. ஆயினும், இங்கிலாந்தில் இன்றும் ஒருவரின் உச்சரிப்பைப் ‘பொஷ்’ என்பது பெரும்பாலும் பாராட்டாக அமைவதில்லை. ‘நீ எம்மவன் அல்லன்’ என்னும் விலக்கம் அதில் தொனிக்கும். பழைய ஏளனம் இச்சொல்லை விட்டு முற்றாக நீங்கவில்லை.

இலங்கையில் இச்சொற்கள் பெறும் நிலை வேறு. இந்நாட்டிற் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்தையே ‘கடுவ’ என்றனர். வாள் எனப் பொருள்படும் இச்சிங்களச் சொல் ஆங்கிலத்தின் அதிகாரத்தை உணர்த்துவதைத் திரு கந்தையா 1984 இல் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். மொழியே வர்க்கச் சின்னமாக விளங்கும் சூழலில், கறுவாத்தோட்டத்து மாளிகையைப் ‘பொஷ்’ என்று சுட்டும்போது, சுட்டப்படும் மாளிகையோடு அச்சொல்லை ஆள்பவரும் ஒருபடி உயர்ந்துவிடுகின்றார். ஆங்கிலேயத் தொழிலாளியின் ஏளனம் கடல் கடக்கையில் உதிர்ந்துபோக, வியப்பு மட்டுமே எஞ்சுகின்றது.

பகட்டு, படாடோபம், டாம்பீகம் எனத் தமிழில் வழங்கும் சொற்களில் இன்றும் கண்டனக் குரல் உயிர்ப்போடுள்ளது. அவற்றை விடுத்து இரவற் சொல்லை நாடுவோர் ஓர் ஒலியை மட்டும் ஏற்கவில்லை. செல்வத்தின்முன் கேள்வியின்றி நிற்கும் மனநிலையையும் உடன் ஏற்கின்றனர். எனவே, படைப்பிலக்கியத்தில் இத்தகைய சொல்லைக் காணும் திறனாய்வாளன் அதன் பொருளை அறிவதோடு அமையாது, அதனைக் கூறும் பாத்திரம் வாயிலுக்கு உள்ளே நிற்கின்றதா வெளியே நிற்கின்றதா என்பதையும் வினாவுதல் வேண்டும்.